விட்டுப்போன பேர்

நன்றி சொல்ல எழுந்தால் பேர் விடக் கூடாது. கறுப்பர்களின் மவுண்ட் நீபோ தேவாலய சபையில் இது எழுதாத சட்டம். கடவுளுக்கு முதல் மரியாதை, அடுத்தது போதகருக்கு, பிறகு அவர் மனைவிக்கு, டீக்கன்மார்களுக்கு, பாட்டுக் குழுவுக்கு, அடுப்பங்கரையில் கோழி பொரித்தவர்களுக்கு என்று வரிசையாக வர வேண்டும். விட்டுப்போனவர்கள் அடுத்த ஈஸ்டர் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் எல்லோரும் கடைசியில் ஒரு வேலி போட்டுவிடுவார்கள்: "யார் பேராவது விட்டுப்போயிருந்தா அதை என் தலை மேல எழுதிக்குங்க, மனசு மேல எழுதாதீங்க." மறதிதான், வன்மமில்லை என்று அர்த்தம்.

அந்த ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஆர்லீத்தா எழுந்து நின்று நன்றி சொன்னபோது ஒரு பேர் விட்டுப்போனது. அது வெர்னிட்டாவின் பேர்.

ஆர்லீத்தாவுக்கு எலுமிச்சை நிறத்தில் ஒரு தொப்பி, அதே நிறத்தில் கையுறை. இந்த மிசிசிப்பி வெயிலில் கையுறை போடுகிறவர்கள் சிகாகோவில் நாற்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர்களாகத்தான் இருக்க முடியும். கோர்ட்டு வாசலில் நிற்கும் சிலையை எடுக்கச் சொல்லும் இயக்கத்துக்கு உதவிய ஒவ்வொருவரையும் ஆர்லீத்தா பேர் சொல்லி அழைத்தாள். கையெழுத்து வாங்கிய கல்லூரிப் பிள்ளைகள். இயக்க வாசகம் போட்டுச் சட்டை அச்சடித்துக் கொடுத்தவர். தன் சபையில் பகை சம்பாதித்துக்கொண்டு கூட நிற்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பக்கத்து கவுண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த ஒருவனைக்கூட அவள் விடவில்லை. "வியாழக்கிழமை கவுண்டி சபையில ஓட்டெடுப்பு. எல்லாரும் வாங்க. யார் பேராவது விட்டிருந்தா தலை மேல எழுதுங்க, மனசு மேல வேணாம்" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். சபையே ஆமென் சொன்னது.

மூன்றாம் வரிசையில் இருந்த வெர்னிட்டாவின் கையிலிருந்த அட்டை விசிறி நின்றுபோனது. அடிவயிற்றிலிருந்து ஒரு எரிச்சல் கிளம்பித் தொண்டை வரை வந்தது. அவளுக்கு அது புதிதல்ல. ஏழு வயதில் இதே சபையில் ஈஸ்டர் அன்று ஆர்லீத்தாவுக்கு ஒரு பக்கப் பேச்சும் தனக்கு இரண்டே வரியும் கொடுத்தார்களே, அன்று பற்றிய நெருப்பு. இருவரும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். ஒரே தெரு, ஒரே வயது, ஒரே மூக்கு. ஆனால் நல்ல தலைமுடி ஆர்லீத்தாவுக்கு, பேச்சு அவளுக்கு, சிகாகோ அவளுக்கு. வெர்னிட்டாவுக்கு வாய்த்தது பள்ளிக்கூடப் பேருந்தின் ஸ்டியரிங்.

அந்தப் பேருந்தில்தான் சிலை விவகாரமே தொடங்கியது. தினமும் காலையில் கோர்ட்டைச் சுற்றித்தான் வண்டி போகும். துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு உயரத்தில் நிற்கும், பழைய உள்நாட்டுப் போர்க்காலத்து வெள்ளைக் கல் சிப்பாயைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்பார்கள்.

"மிஸ் வெர்னிட்டா, அது யாரு?"

"சண்டையில தோத்த ஆளு."

"தோத்தவனுக்கு எதுக்குச் சிலை?"

"நம்ம கொள்ளுத்தாத்தாவெல்லாம் அடிமையாவே இருக்கணும்னு சண்டை போட்டவன். தோத்துப்போன துக்கம் அவங்களுக்கு இன்னும் ஆறல, அதான்" என்பாள் அவள். பின்வரிசை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு நாள் ஒரு சின்னக் கறுப்புப் பெண், "அப்ப நாம கோர்ட்டுக்குப் போனா அவன் கீழதான் போகணுமா?" என்று கேட்டது.  அந்த மாதமே வெர்னிட்டா மாவட்ட நிர்வாகம் பார்க்கும் கவுண்டி சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம் கொடுப்பார்கள், முடிந்ததும் மணி அடிப்பார்கள். தலைவர், "தேங்க் யூ, மிஸ் வெர்னிட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த விவகாரமான சாலைப் பள்ளத்துக்குப் போய்விடுவார்.

ஒன்பது வருஷம் இப்படியே போனது. கூட வா என்று கேட்டால் சபையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழங்கால் வலி வந்துவிடும். போன வருஷம் ஆர்லீத்தா பள்ளித் தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பினாள். செங்கல் வீடு கட்டினாள், சிலையைப் பார்த்தாள், "இது இன்னுமா நிக்குது?" என்றாள். அவ்வளவுதான். முழங்கால் வலிகள் எல்லாம் மாயமாகிவிட்டன.

*

"நோகாம நொங்கு தின்னுறா" என்றாள் வெர்னிட்டா. மதியச் சாப்பாட்டு மேஜையில் அவள் பாத்திரத்தை வைத்த வேகத்தில் பச்சைக் கீரைக் குழம்பு சிதறியது.

கிளீவ் அவள் புருஷன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், சோளரொட்டிக்கும் வம்புக்கும் இன்னும் ஓய்வு கொடுக்காதவன். "அவ ஓடியாடித்தானே திரியுறா? காரு தேய்ஞ்சு போச்சு, பாவம்" என்றான்.

"நீ யாரு பக்கம்?"

"நான் ரொட்டி பக்கம். சரி, உன்னையும்தான் கூப்பிட்டாளே கமிட்டிக்கு?"

"கமிட்டிக்கா கூப்பிட்டா? 'வெர்னிட்டா, வியாழக்கிழமை சபை வேனை நீ ஓட்டுவியா, வயசானவங்களைக் கூட்டிட்டு வரணும், உன்ன மாதிரி யாரும் ஓட்ட மாட்டாங்க'ன்னா. ஒன்பது வருஷம் பேசினவ நான். எனக்கு வேன்!"

"அவளுக்குத் தெரியுமா நீ ஒன்பது வருஷம் போனது?"

 தெரியாது என்பதுதான் உண்மை. கூடப் போகாத வெட்கத்தில் சபைக்காரர்களும் அவளிடம் வாய் திறக்கவில்லை. சிகாகோவிலிருந்து ஆர்லீத்தா தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் வெர்னிட்டா வெயிலைப் பற்றியும் சாவு வீடுகளைப் பற்றியும் பேசினாளே தவிர இதைச் சொன்னதில்லை. தோற்றுக்கொண்டிருக்கிற கதையை ஆர்லீத்தாவிடம் போய்ச் சொல்வாளா? ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள். இப்போது ஜெயிக்கப்போகிறவளே அவளாகிவிட்டாள்.

"தெரியலன்னா தெரிஞ்சுக்கணும்" என்றாள் எரிச்சலோடு. "வேனுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

கிளீவ் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான். "உன் வயித்துல எரியுற அடுப்புல ஊருக்கே சமைக்கலாம்டி" என்றான். அவள் அவன் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

*

கவுண்டி சபையில் ஐந்து பேர். கறுப்பர் இருவர் எடுக்கலாம் என்பார்கள், வெள்ளையர் இருவர் எடுக்கக் கூடாது என்பார்கள். நடுவில் டப் ஹேட்லி, மாட்டுப் பண்ணைக்காரன், யாருக்கும் கெட்டவனாக விரும்பாத வெள்ளைக்காரன். அவன் எந்தப் பக்கம் கை தூக்குகிறானோ அந்தப் பக்கம் சிலை சாயும். ஊரில் அந்த வாரம் முழுவதும் இதே பேச்சு.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்குக் கடையில் குச்சியில் கோத்த கோழிக்காக வெர்னிட்டா நின்றிருந்தபோது டப் பின்னால் வந்து நின்றான். அவன் மூன்று பிள்ளைகளும் அவள் பேருந்தில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள்.

"மிஸ் வெர்னிட்டா, சௌக்கியமா?"

"இருக்கேன், மிஸ்டர் டப். பசங்க?"

"நல்லா இருக்காங்க." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீங்கதான் எங்களை வருஷக்கணக்கா விடாம கேட்டுட்டு இருந்தீங்க. இப்ப அந்தக் கூட்டத்துல உங்களைக் காணோமே? சட்டை கூடப் போட்டுக்கல நீங்க. ஏன், உங்களுக்கு இதுல இஷ்டமில்லையா?"

வெர்னிட்டாவின் அம்மா சாகிற வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: நம்ம ஆளோடு என்ன சண்டை வேண்டுமானாலும் போடு, முடியைப் பிடித்துக்கூடச் சண்டை போடு, ஆனால் வெள்ளைக்காரன் முன்னால் நம்ம ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. அவன் அதைச் சட்டைப்பையில் போட்டு வைத்து வேண்டிய நேரத்தில் எடுப்பான். அந்தத் தெருவில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். வெர்னிட்டாவுக்கும் தெரியும்.

ஆனால் கடைக் கண்ணாடியில் ஆர்லீத்தாவின் படம் போட்ட விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. எலுமிச்சைத் தொப்பி. பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு.

"என்னைக் கேக்காதீங்க" என்றாள் வெர்னிட்டா. "அது சிகாகோவிலிருந்து வந்த அம்மாவோட வேலை. அவங்களைக் கேளுங்க. எனக்கு அதுல ஒட்டும் இல்ல உறவும் இல்ல."

டப் மெதுவாகத் தலையாட்டினான். "அப்படியா சங்கதி" என்றான்.

காரில் வந்து உட்கார்ந்தாள். நன்றாகத்தான் சொன்னேன், உள்ளதைத்தான் சொன்னேன் என்று தனக்கே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். கையிலிருந்த கோழியைக் கடைசியில் பெட்ரோல் பங்கு நாய்க்குப் போட்டாள்.

*

வியாழக்கிழமை கோர்ட்டின் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. வெர்னிட்டா கடைசி வரிசையில் கிளீவோடு உட்கார்ந்தாள். பார்க்கத்தான் வந்தேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். எதைப் பார்க்க என்று அவன் கேட்கவில்லை. ஆர்லீத்தா பேச்சில் தடுக்கி விழ வேண்டும் என்று இவள் மனம் ஒரு மூலையில் ஜெபம் செய்துகொண்டிருந்தது; அந்த ஜெபத்தைக் கடவுள் கேட்பாரோ என்று பயமும் இருந்தது.

சிலை நிற்க வேண்டும் என்கிறவர்கள் முதலில் பேசினார்கள். ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாள் நடுங்கும் குரலில், "எங்க பாட்டியோட அண்ணன் பத்தொன்பது வயசுல சண்டைக்குப் போனான், உடம்பு கூடத் திரும்பி வரல. அவனுக்குக் கல்லறை இந்தக் கல்லுதான். அவனை நான் எங்க போய்ப் பாப்பேன்?" என்று அழுதாள். கூடம் அமைதியாகக் கேட்டது. இன்னொருவன் வரலாற்றை அழிக்கிறார்கள் என்று கத்தினான், அவனுக்கு மணி அடித்தார்கள்.

பிறகு ஆர்லீத்தா. தடுக்கவில்லை. "யாரும் உங்க பாட்டியோட அண்ணனை உடைக்கச் சொல்லலம்மா" என்று அந்த அம்மாளைப் பார்த்தே தொடங்கினாள். "மேட்டுக் கல்லறைத் தோட்டத்துல அவன் கூட்டாளிங்க படுத்திருக்காங்க. அங்க கொண்டுபோய் வைங்க, நீங்க பூ வைங்க. ஆனா இது கோர்ட்டு. நியாயம் கேட்டு வர்றவங்க வாசல். எங்க ஆளுங்க இந்த வாசல்ல நுழையும்போது, எங்களை வித்து வாங்கணும்னு சண்டை போட்டவன் துப்பாக்கியோட மேல நிக்கக் கூடாது." மணி அடிப்பதற்குச் சரியாக ஒரு மூச்சு முன்னால் முடித்தாள். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

வெர்னிட்டா கைதட்டவில்லை. தன் பேருந்தில் அந்தச் சின்னப் பெண் கேட்ட கேள்வி அது. ஒன்பது வருஷம் இவள் சொல்லிச் சொல்லிச் சுவரில் மோதிய வார்த்தை அது. ஆர்லீத்தா வாயில் போனதும் பொன்னாகிவிட்டதே என்று கண்ணில் நீர் வந்தது. அது துக்கமில்லை, சுத்தமான பொறாமை.

டப் ஹேட்லி ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தான். "ரெண்டு பக்கமும் நான் கேட்டுட்டேன். என் கவலை இதான். இது நம்ம ஊர்க்காரங்க கேக்குறதா, வெளியிலிருந்து வந்தவங்க கிளப்புறதா? மிஸ் வெர்னிட்டாவை எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருஷமா இங்க வந்து இதைக் கேட்டவங்க. அவங்களே செவ்வாக்கிழமை என்கிட்ட சொன்னாங்க, இது சிகாகோ அம்மாவோட வேலை, எனக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு. அவங்களே அப்படிச் சொன்னா, நான் எப்படிக் கை தூக்குறது?"

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி எதிர்த்தரப்பு ஆட்கள், "கேட்டியா, கேட்டியா" என்றார்கள். முன்வரிசையிலிருந்து ஆர்லீத்தா திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில். ஒன்பது வருஷமா என்ற வார்த்தையை இப்போதுதான் முதல்முறை கேட்கிறாள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. உதடு மட்டும் அசைந்தது: நீயா?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெர்னிட்டா கெட்டது மட்டுமில்லாமல் மற்றவர்களையும் கெடுத்துவிட்டாள். பேசாமல் இருந்தால் சிலை நிற்கும், ஆர்லீத்தா தோற்பாள், இவள் ஜெபம் பலிக்கும். பேசினால், இத்தனை வருஷம் கிளீவைத் தவிர யாருக்கும் காட்டாத அழுக்கை ஊர் நடுவில் விரிக்க வேண்டும். அவள் எழுந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. முழங்கால்தான் முதலில் எழுந்தது.

"பேசுறவங்க நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் தலைவர்.

"என் பேரை இழுத்தது நீங்க. பேருக்குச் சொந்தக்காரி பேசாம யாரு பேசுவா?"

தலைவர் டப்பைப் பார்த்தார், டப் தலை குனிந்துகொண்டான்.

"மிஸ்டர் டப், நான் சொன்னது வாஸ்தவம்" என்றாள் வெர்னிட்டா.  "ஏன் சொன்னேன்னு நீங்க கேக்கலியே. பொறாமையில சொன்னேன். முன்னால உக்காந்திருக்காளே, அவ என் சித்தி பொண்ணு. ஏழு வயசுல ஈஸ்டருக்கு அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு ரெண்டு வரி. அன்னையிலிருந்து அவளைக் கண்டா எனக்கு வயிறு எரியும். நான் ஒத்தையா இந்த ரூம்ல வந்து நின்னப்போ நீங்க அஞ்சு பேரும் தேங்க் யூ சொல்லி அனுப்பிட்டீங்க. அவ ஒரே வருஷத்துல கூடம் நிறையக் கூட்டிட்டு வந்துட்டா. எரியாதா? இப்பக்கூட எரியுது. இந்தத் தொப்பியைப் பாருங்க, யாருக்குத்தான் எரியாது?"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து, கூடம் முழுவதும் பரவியது. வெர்னிட்டா சிரிக்கவில்லை.

"ஆனா அது எங்க குடும்பத்து எரிச்சல். அதை எடுத்து நீங்க அந்தக் கல்லுக்கு முட்டுக் குடுக்காதீங்க. அவ வெளியூரா? அவளைப் பெத்த வீடு இந்தக் கோர்ட்டுக்கு மூணாவது தெரு. வெளியூர்னா வாசல்ல நிக்கிறவன்தான் வெளியூர். அவன் இத்தாலிக் கல்லு, கப்பல்ல வந்தவன். கீழ பீடத்துல பொறிச்சே இருக்கு, போய்ப் பாருங்க. அவ கேட்டதும் நான் கேட்டதும் ஒண்ணுதான். அவ என்னைவிட நல்லாக் கேட்டா, அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

மணி அடித்தது. அடிக்க வேண்டியவருக்கே அடிக்க மனமில்லாத மாதிரி மெல்ல அடித்தது.

டப் தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தான். பிறகு, "என் பிள்ளைங்களை மழையிலும் பத்திரமா வீடு சேத்தவங்க நீங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கையைத் தூக்கினான். மூன்றுக்கு இரண்டு. மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றத் தீர்மானம்.

*

அடுத்த மாதம் கிரேன் வந்து சிப்பாயை இறக்கிக் கொண்டுபோனது. அதற்குள் வேறொரு காரியம் நடந்துவிட்டது. யாரோ தொலைபேசியில் படம் பிடித்த வெர்னிட்டாவின் பேச்சு ஊரைத் தாண்டிப் போய்விட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் அவள் வீட்டு முற்றத்தில் ஒயர் இழுத்தார்கள். செய்தித்தாளில் அவள் படம் பாதிப் பக்கத்துக்கு வந்தது. பக்கத்தில் எலுமிச்சைத் தொப்பியின் விளிம்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. கடையில், வங்கியில், மருந்துக்கடையில், எல்லோரும் "இத்தாலிக் கல்லு!" என்று சிரித்துக் கை குலுக்கினார்கள். ஆர்லீத்தாவைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

சிலை இறங்கிய அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆர்லீத்தா நன்றி சொல்ல எழுந்தாள். கடவுள், போதகர், டீக்கன்மார்கள். கல்லூரிப் பிள்ளைகள், சட்டைக்காரர், வெள்ளைக்கார அம்மாள், தண்ணீர் பாட்டில்காரன், கிரேன்காரன், கிரேன்காரனின் மச்சான். சபை மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. பேர் வரவில்லை.

"விட்டுப்போயிருந்தா தலை மேல எழுதுங்க" என்றாள் ஆர்லீத்தா. "மனசு மேல வேணாம்."

வெர்னிட்டா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை அந்தக் கண் இவள்மேல் விழுந்து, ஒன்றும் நினைவில்லாமல் நகர்ந்து போனது. இந்தத் தடவை இரண்டாம் வரிசையிலிருந்து நான்காம் வரிசைக்குத் தாவியது. மறந்தவள் கண் அப்படித் தாவாது. கையுறையின் விரல் நுனியை அவள் திருகிய திருகல் வெர்னிட்டாவுக்கு நன்றாகத் தெரிந்த திருகல், தன் கையே செய்தது எத்தனையோ தடவை. கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. அறுபது வருஷத்தில் முதல்முறையாக ஆர்லீத்தா தன்னைப் பார்த்து வயிறு எரிகிறாள் என்ற நினைப்பு, சூடான பீச் பழ அப்பம் மாதிரி உள்ளே இறங்கியது. வெட்கக்கேடுதான், ஆனால் இனித்தது.

ஆராதனை முடிந்து வயதானவர்களை ஏற்றிப்போகச் சபை வேன் நின்றது. இப்போது வேனை ஓட்ட ஒப்புக்கொண்டிருந்த வெர்னிட்டா சாவியோடு வந்தபோது ஆர்லீத்தா நிழலில் தனியாக நின்றிருந்தாள்.

"ஆர்லீத்தா, தலையா மனசா?"

"என்னடி கேக்குற?"

"கேட்டது உனக்குப் புரிஞ்சுது."

ஆர்லீத்தா கையுறையைக் கழற்றினாள், ஒவ்வொரு விரலாக. தெருவைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"மனசுதான்" என்றாள். "ஒரு வருஷம் நான் தூங்காம ஓடினேன்டி. நீ மூணு நிமிஷம் பேசின. ஊரே உன் பேரைச் சொல்லுது."

"எரியுதா?"

"எரியுது."

"எங்க?"

ஆர்லீத்தா அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.  வெர்னிட்டா வேனின் முன் கதவைத் திறந்தாள்.

"எனக்கும் அதே இடம்தான்" என்றாள். "ஏறு, வீட்டுல விடுறேன். தொப்பியைக் கழட்டு, பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது."